யூரர் தெரிவும் நீதியின் நடுநிலையும்

ஒருவன் குற்றவாளியா, அல்லனா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? இவ்வினாவுக்கு மனித சமுதாயம் காலந்தோறும் பல விடைகளைக் கண்டுள்ளது. அரசனே தீர்மானித்தல் வேண்டும் என்பது ஒரு விடை. சட்ட நூல்களைத் துறைபோகக் கற்ற நீதிபதியே தீர்மானித்தல் வேண்டும் என்பது மற்றொரு விடை. குடிமக்கள் சிலரை அழைத்துச் சான்றுகளைக் கேட்கச் செய்து, உண்மை காணும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது விடை. இம்மூன்றாவது விடையின் பயனாகத் தோன்றியதே யூரி முறை. யூரி என்னும் சொல் சத்தியஞ் செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. சத்தியஞ் செய்து ஆசனத்தில் அமர்பவர் யூரர். சட்டம் இன்னது என எடுத்துரைத்தல் நீதிபதியின் கடன். நடந்தது இன்னது எனத் துணிதல் யூரரின் கடன்.

யூரர் என்ன தீர்ப்புக் கூறினர் என்பதை மக்கள் ஆவலோடு பேசுவர். அவர்கள் அவ்வாசனங்களில் எவ்வாறு வந்து அமர்ந்தனர் என்பதை வினவுவோர் சிலரே. ஆயினும், முதலாவது சாட்சி கூண்டில் ஏறுமுன்னரே வழக்கின் நடுநிலை ஒரு பெருஞ் சோதனைக்கு உட்படுகின்றது. அச்சோதனையே யூரர் தெரிவு. அதன் இயல்பையும், அது அடைந்த மாற்றங்களையும், நமது நாட்டில் அது எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானது நூல்களினால் அன்று. எனது பேரனாரினால் ஆகும். அவர் புகையிலைத் தோட்டமும் சிறு வியாபாரமும் உடையவர். தமிழ் மட்டுமே அறிந்தவர். 1950களில் ஒரு நாள் பிஸ்கால் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஓர் அழைப்பாணை வந்தது. யாழ்ப்பாணத்திற் கூடவிருக்கும் உயர் நீதிமன்ற அமர்வில் யூரராகக் கடமையாற்றும் பொருட்டு இன்ன நாளிற் சமுகமளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அக்காலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் கொழும்பிலிருந்து மாகாணங்களுக்குச் சென்று பாரிய குற்ற வழக்குகளை விசாரித்தல் வழக்கம். நீதிமன்ற வாசலையே மிதித்தறியாத என் பேரனார், தாம் ஏதோ குற்றம் இழைத்துவிட்டதாகவே முதலில் அஞ்சினாராம். அழைப்பாணையைக் கிராமத்து விதானையாரிடம் காட்டிப் பொருள் அறிந்த பின்னரே அவருக்கு அமைதி உண்டாயிற்று.

குறித்த நாளில் வெள்ளை வேட்டியும் சால்வையும் தரித்து அவர் நீதிமன்றத்தை அடைந்தார். அவரைப் போல் அழைக்கப்பட்டோர் பலர் அங்கே காத்திருந்தனர். அவர்கள் பெயர்கள் எழுதப்பட்ட சீட்டுக்கள் ஒரு பெட்டியில் இடப்பட்டிருந்தன. பதிவாளர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பெயரை உரத்து வாசித்தார். அழைக்கப்பட்டவர் எழுந்து முன்னே வந்ததும், இவர் யூரராக அமர்வதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்பட்டது. ஆட்சேபம் இல்லையெனின் அவர் யூரர் ஆசனத்திற்குச் செல்வார். பேரனாருடைய பெயர் நான்காவதாக வாசிக்கப்பட்டது. அவர் எழுந்து நடந்தார். எதிரிக்காகத் தோன்றிய நியாயவாதியின் காதிலே பக்கத்தில் நின்ற நியாயதுரந்தரர் ஏதோ கூறினார். உடனே ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டது. காரணம் கூறப்படவில்லை, கூறும்படி எவரும் கேட்கவும் இல்லை. பேரனார் வந்த வழியே திரும்பி நடந்தார்.

அந்தச் சில அடி தூரமே தம் வாழ்நாளில் நடந்த மிக நெடிய வழி என்று அவர் பின்னாளிற் கூறுவதுண்டு. பலர் நிறைந்த சபையில், தாம் நீதி கூறத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டதாகவே அவர் எண்ணினார். வீடு திரும்பியதும் அயலவர் காரணம் வினவினர். அவரிடம் விடை இருக்கவில்லை. சில மாதங்கள் கழிந்தே உண்மை தெரியவந்தது. இறந்தவனுடைய தமையன் பேரனாரிடம் புகையிலை கொள்முதல் செய்யும் தரகர் ஒருவரோடு கூட்டாகத் தொழில் செய்தவன். அத்தொடர்பைப் பேரனார் அறிந்திருக்கவில்லை. எதிரியின் பக்கத்தார் அறிந்திருந்தனர். “நான் நீதி தவறியிருப்பேன் என்றில்லை. ஆனால், நான் ஆசனத்தில் இருந்திருந்தால் அந்த மனிதன் வழக்கு முடியும்வரை என் முகத்தையே பார்த்துப் பயந்திருப்பான்” என்று அவர் கூறியதை நான் கேட்டிருக்கின்றேன்.

காரணங் கூறாது ஆட்சேபிக்கும் உரிமையின் தத்துவம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. நீதி வழங்கப்படுதல் மட்டும் போதாது. அது வழங்கப்படுகின்றது என்னும் நம்பிக்கை தண்டனையை எதிர்நோக்கி நிற்பவனுக்கும் உண்டாதல் வேண்டும். அந்நம்பிக்கையைக் கெடுக்கும் காரணங்கள் எல்லாவற்றையும் சான்று காட்டி நிரூபித்தல் இயலாது. ஆகவே, ஓர் அளவுக்கேனும் நிரூபணமின்றி விலக்கும் உரிமையைச் சட்டம் வழங்கியது.

இலங்கையில் யூரி முறை 1811ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்டது. அதனைப் புகுத்தியவர் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன். இளமையில் மதுரைப் பகுதியில் வளர்ந்து தமிழ் கற்றவர் அவர். சுதேசிகளை அவர்தம் நாட்டவரே விசாரித்துத் தீர்ப்புக் கூறினால், மக்களுக்கு நீதிமன்றத்தின்மீது நம்பிக்கையும் தம்மீது மதிப்பும் வளரும் என்பது அவருடைய கொள்கை. அவர் அமைத்த யூரியில் 13 பேர் இருந்தனர். பெரும்பான்மையோர் கருத்தே தீர்ப்பாயிற்று. இதன் பயன் நீதிமன்றச் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. யூரராகக் கடமையாற்றும் தகுதி பெற்றோருள் அடிமைகளை உடையோர் பலர் இருந்தனர். பிறர் சுதந்திரத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோர் தாமே அடிமைகளை வைத்திருத்தல் பொருந்துமா என்னும் வினாவை ஜோன்ஸ்ரன் அவர்கள்முன் வைத்தார். 1816 ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குப் பின்னர் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் ஆவர் என அவர்கள் இசைந்தனர். நீதி கூறும் ஆசனம் அதில் அமர்பவனையும் திருத்தக்கூடியது என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும், அக்காலத் தெரிவு முறையிற் குறைகள் இல்லாமலில்லை. ஆரம்பத்தில் யூரர் பட்டியல்கள் சாதி, வகுப்பு ஆகிய வேறுபாடுகளைத் தழுவி அமைந்தன. பின்னர் அவ்வேறுபாடு நீங்கி, மொழியே பிரிவுக்கு அடிப்படையாயிற்று. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஆங்கிலம் பேசுவோர், சிங்களம் பேசுவோர், தமிழ் பேசுவோர் என மூன்று பட்டியல்களை வகுத்தது. யூரரின் தொகை ஏழாயிற்று. ஏழு பேருள் ஐவரேனும் உடன்பட்டாலன்றித் தீர்ப்பு நிறைவுறாது. பட்டியலில் இடம்பெறுதற்கு வருமானமோ சொத்தோ வேண்டப்பட்டது. எனவே, ‘ஊரவர்’ என்று கூறப்பட்டவர் உண்மையில் ஊரவருள் ஒரு பகுதியினரே. கூலிக்கு உழைத்தவனின் வழக்கை நிலமுடையோர் கேட்டனர். நிலமுடையோன் வழக்கைக் கூலிக்கு உழைத்தவன் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

இவ்வமைப்பின் கீழ் நாடு முழுவதும் உற்றுநோக்கிய வழக்குகள் நடைபெற்றன. புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம் தம் மனைவியின் கொலை தொடர்பாக விசாரிக்கப்பட்டு 1953இல் யூரரால் விடுதலை பெற்றார். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் கொலை வழக்கில், எதிரிகளாக நின்ற ஐவருள் மூவரைக் குற்றவாளிகள் எனவும் இருவரைக் குற்றவாளிகள் அல்லர் எனவும் 1961இல் ஏழு யூரர் தீர்த்தனர். நாட்டையே கொதித்தெழச் செய்த ஒரு கொலையிற்கூட, எதிரிக்கு எதிரி வேறுபடுத்தி நோக்கும் நிதானம் அவ்வேழு சாதாரண மனிதரிடம் இருந்தது.

இனி, தெரிவின் தத்துவத்தைச் சிறிது ஆழ்ந்து நோக்குவாம். எந்நாட்டு முறையை எடுத்துக்கொண்டாலும் அதில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது தகுதி: இன்னார் பட்டியலில் இடம்பெறலாம், இன்னார் இடம்பெறலாகாது என வரையறுத்தல். இரண்டாவது சீட்டு: தகுதியுடையோருள் யாவர் என்பதை மனித விருப்பத்துக்கு விடாது தற்செயலுக்கு விடுதல். மூன்றாவது ஆட்சேபம்: தற்செயல் கொண்டுவந்தவருள் பொருத்தமற்றவரை விலக்குதல். இம்மூன்றும் ஒன்றையொன்று காப்பவை. தகுதி மட்டும் இருந்தால், தகுதியை வரைபவன் வேண்டியவரை அமர்த்திவிடுவான். சீட்டு மட்டும் இருந்தால், இறந்தவனுடைய தமையனே யூரராக வந்து அமர்தலுங் கூடும். ஆட்சேபம் அளவின்றி இருந்தால், வழக்காளிகளே நீதிபதிகளைத் தெரிந்தவர் ஆவர்.

இவ்வுண்மைகள் மேனாட்டார் மட்டும் கண்டவை என்று கருதுதல் தவறு. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையினால் தெரிந்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் வயது, வேத சாத்திரப் பயிற்சி ஆகியன தகுதிகள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். இளையோர் முதியோர் அடங்கிய மகாசபை முழுவதும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோருங் காண உயர்த்திக் காட்டினார். எழுத்தின் வேறுபாடு அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். பின்னர் வாசித்தல் வேண்டும். அங்கிருந்த நம்பிமாரும் அதனை வாசித்தல் வேண்டும்.

அவ்விரிந்த உள்ளங்கையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். விரல்களுக்கிடையே மற்றோர் ஓலை மறைந்திருத்தல் கூடாது என்பதே அவ்விதியின் நோக்கம். மத்தியஸ்தன் கள்வன் என்று கல்வெட்டுக் கூறவில்லை. அவன் நேர்மையானவனாகவே இருக்கலாம். ஆயினும் அவன் நேர்மை எல்லோருக்கும் புலப்படல் வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், தகுதி பெற்றோர் ஊரின் ஒரு சிறு பகுதியினரே, தெரியப்பட்டோர் யூரருமல்லர். ஆனால், தெரிபவன் கையை விரித்துக் காட்டல் வேண்டும் என்னும் நியதி யூரர் தெரிவுக்கும் உயிர்நாடியாகும். திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, ஒருவரை ஆராய்ந்து பணியில் அமர்த்துதல் பற்றித் ‘தெரிந்து தெளிதல்’ என வேறோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு சிந்தித்தற்குரியது. நடுநிலை என்பது நீதி கூறுவோனின் குணம்; அக்குணம் உடையோனைக் கண்டுகொள்ளுதல் வேறொரு கலை.

தெரியப்பட்ட யூரர் எவருக்கும் அஞ்சாது தீர்ப்புக் கூறும் உரிமை இலகுவிற் கிடைத்ததன்று. 1670இல் இலண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகிய இருவர் சட்டவிரோதமாகக் கூட்டங் கூட்டினர் என்று குற்றஞ் சாட்டப்பட்டனர். யூரர் அவர்களைக் குற்றவாளிகள் எனக் கூற மறுத்தனர். நீதிபதிகள் யூரரை உணவும் நீருமின்றி அடைத்துவைத்தனர்; பின்னர் தண்டமும் விதித்தனர். தண்டம் செலுத்த மறுத்துச் சிறையிருந்த எட்வேட் புஷல் என்னும் யூரர் மேல் நிலை நீதிமன்றத்தை நாடினார். தம் மனச்சாட்சிப்படி தீர்ப்புக் கூறியமைக்காக யூரரைத் தண்டித்தலாகாது எனப் பிரதம நீதியரசர் வோகன் தீர்த்தார். தீர்ப்பின் பின்னர் யூரரை வற்புறுத்தல் இயலாது என்பது உறுதியானதும், தமக்கு வேண்டிய யூரரைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் இரு பக்கத்தாருக்கும் மிகுவது இயல்பன்றோ? தெரிவின் முக்கியத்துவம் அதனாலும் உயர்ந்தது.

ஆட்சேப உரிமை காலப்போக்கில் எவ்வாறு பிழையாகப் பயன்பட்டது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு காட்டுகின்றது. அந்நாட்டில் யூரராக அழைக்கப்பட்டோரிடம் நீதிபதியும் வழக்கறிஞரும் பல வினாக்களை வினவுவர். தொழில் யாது, வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்ததுண்டா, குடும்பத்தில் எவரேனும் குற்றச் செயலால் பாதிக்கப்பட்டதுண்டா, பொலிசாரின் வார்த்தையை மற்றவர் வார்த்தையிலும் மேலாக நம்புவீரா என்பன போன்ற வினாக்கள் அவை. பக்கச்சார்பு வெளிப்படின் நீதிபதி விலக்குவார். அதற்கு மேலும், குறித்த தொகையினரைக் காரணங் கூறாது விலக்கும் உரிமை இரு பக்கத்தாருக்கும் உண்டு. இவ்வுரிமையைக் கொண்டு கறுப்பின மக்களை யூரியிலிருந்து ஒதுக்கும் வழக்கம் பரவிற்று. சட்டத்தினால் அவர்களை விலக்குதல் ஆகாது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1880ஆம் ஆண்டிலேயே தீர்த்திருந்தது. சட்டம் செய்யக்கூடாததை ஆட்சேபம் செய்தது. 1986ஆம் ஆண்டின் பற்சன் வழக்கிலேதான், இனங் காரணமாக ஆட்சேபித்தல் செல்லாது என்றும், ஐயம் எழுமிடத்து வழக்குத்தொடுநர் தக்க காரணம் காட்டல் வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. இங்கிலாந்து வேறு வழியைக் கைக்கொண்டது. எதிரிக்கு இருந்த அவ்வுரிமை 1977இல் மூன்று பேராகக் குறைக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முற்றாக நீக்கப்பட்டது. அங்கே இப்பொழுது வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டினால் எடுக்கப்படும் 12 பேரை, காரணங் காட்டியே எதிரி ஆட்சேபித்தல் கூடும்.

ஒரே உரிமை என் பேரனாரைத் திருப்பியனுப்பியபோது அஞ்சிய மனிதன் ஒருவனுக்கு அரணாயிற்று. அமெரிக்காவில் ஓர் இனத்தையே வாசலில் தடுத்த வேலியும் ஆயிற்று. விலக்கப்படுபவர் இன்ன மனிதர் என்பதற்காகவா, இன்ன கூட்டத்தவர் என்பதற்காகவா விலக்கப்படுகின்றார் என்பதே வேறுபாடு.

நமது நாட்டின் இன்றைய நிலைக்கு வருவாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, மேல் நீதிமன்றத்தில் வழக்குகள் பெரும்பாலும் யூரியின்றி நீதிபதியாலேயே விசாரிக்கப்படுகின்றன. குறித்த சில பாரிய குற்றங்கள் தொடர்பாக எதிரி விரும்பினால் யூரியைக் கோரலாம். அவ்வாறு கோருமிடத்து, எம்மொழி பேசும் யூரர் வேண்டும் என்பதையும் அவர் தெரிவிக்கலாம். இதன் நோக்கம் விளங்காததன்று. தன் உயிரையும் உரிமையையும் பற்றித் தீர்ப்போர் தன் மொழியை நேரே அறிந்தோராக இருத்தல் வேண்டும் என்று விரும்புதல் நியாயமே. மொழிபெயர்ப்பில் ஒரு சாட்சியின் தயக்கமும் குரலின் நடுக்கமும் மறைந்துபோதல் உண்டு.

ஆனால் வழக்கு என்பது எதிரி ஒருவனுக்கு மட்டும் உரியதா? 2006 நவம்பர் 10ஆம் நாள் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அவர்களின் கொலை வழக்கு 2016இல் விசாரணைக்கு வந்தது. எதிரிகள் சிங்களம் பேசும் யூரரைக் கோரினர். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சார்பில் அதற்கு ஆட்சேபம் எழுந்தது. எனினும் விசாரணை அத்தகைய யூரர் முன்னிலையிலேயே நடைபெற்றது. 2016 டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில் எதிரிகள் ஐவரும் விடுதலை செய்யப்பட்டனர். அதே ஆண்டு யூலை மாதத்தில், 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டமை தொடர்பான வழக்கில், எதிரிகளாக நின்ற இராணுவத்தினர் அறுவரும் அநுராதபுர மேல் நீதிமன்றத்தில் யூரரால் விடுதலை பெற்றனர்.

இத்தீர்ப்புக்கள் பிழை என்று கூறுதல் எனது நோக்கமன்று. சான்றுகள் அனைத்தையும் நேரிற் கேட்டவர் அந்த யூரரே. அவர்கள் நேர்மையை ஐயுறுதற்கு எனக்கு ஆதாரமில்லை. எனது வினா வேறு. உத்தரமேரூர் மத்தியஸ்தனும் நேர்மையானவனாகவே இருந்திருக்கலாம்; ஆயினும் அவன் விரல்களை விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இறந்தவனின் தாயும் மனைவியும் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்து நோக்கும்போது, அவர்களுக்கு அந்த உள்ளங்கை விரிந்து தோன்றுகின்றதா என்பதே வினா. மொழிப் பட்டியல் விளக்கத்தின் பொருட்டு வகுக்கப்பட்டது. மொழியும் இனமும் ஒன்றாகிவிட்ட நாட்டில், விளக்கத்துக்கு வகுத்த வாயில் வேறு நோக்கத்துக்கும் வழியாகும் என்னும் ஐயம் எழாதிருக்குமா? அவ்வையம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. பாதிக்கப்பட்டோர் சிங்களவராகவும் கோரப்படும் யூரர் தமிழராகவும் இருக்கும் வழக்கில் அதே வினா மறுபுறமிருந்து எழும்.

இதற்கு ஒரு பழைய விடை உண்டு. இங்கிலாந்தில் 1354ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நிய நாட்டவர் ஒருவர் வழக்கில் சம்பந்தப்படின், யூரருட் பாதிப்பேர் அந்நியராகவும் பாதிப்பேர் ஆங்கிலேயராகவும் அமைதல் கூடும். பாதிமொழி யூரி எனத்தக்க அம்முறை 1870 வரை நிலவியது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு நாடு கைக்கொண்ட முறையை முற்றிலும் கனவு என்று தள்ளுதல் இயலாது. இரு மொழியும் அறிந்தோர் தொகை நம்மிடையே பெருகுமாயின், இரு சமூகத்தவரும் கலந்த யூரி இங்கும் இயலாத காரியமன்று. அதற்கும் அடிப்படை மொழிக் கல்வியே என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.

யூரி முறையையே ஒழித்துவிட்டால் இத்தொல்லைகள் நீங்குமே எனச் சிலர் கூறலாம். சிங்கப்பூர் 1969இலும் மலேசியா 1995இலும் அதனை ஒழித்தன. இந்தியாவில் 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கே யூரியின் முடிவுக்குக் காரணம் என்று பலர் கருதுவர். ஆயினும் அதற்கு முந்திய ஆண்டிலேயே இந்தியச் சட்ட ஆணைக்குழு அதனை நீக்குமாறு விதந்துரைத்துவிட்டது; 1973ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் அதற்கு இடமில்லாது போயிற்று. மறுபுறத்தில், யப்பான் 2009ஆம் ஆண்டு முதல் வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டினால் தெரியப்படும் குடிமக்கள் அறுவரை நீதிபதிகள் மூவரோடு அமர்த்திப் பாரிய குற்றங்களை விசாரிக்கின்றது. ஆகவே, காலத்தின் போக்கு ஒரே திசையில் இல்லை. தனியொருவர் தீர்ப்பினும் தவறு நேரும் என்பதைப் பொற்கொல்லன் சொற்கேட்ட பாண்டியன் கதையால் நாம் சிறு வயதிலேயே அறிந்துள்ளோம். ஒருவரோ எழுவரோ, தவறு நேரக்கூடும். அத்தவறு நேராதிருக்கச் செய்யத்தக்கன அனைத்தையும் எல்லோருங் காணச் செய்தோமா என்பதே நம்மால் விடைகூறத்தக்க வினா.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது குடியியல் வகுப்பில் ஒரு சிறு பிணக்கு எழுந்தது. மாணவன் ஒருவனின் கணிதக் கருவிப் பெட்டி காணாமற்போயிற்று. மற்றொருவன்மீது ஐயம் விழுந்தது. நான் தீர்ப்புக் கூறாது, எழுவரைத் தெரிந்து விசாரிக்கும்படி வகுப்பினரிடமே விட்டேன். முதலில் நன்றாகப் படிப்போர் எழுவரைத் தெரிந்தனர். அவர்கள் யாவரும் பெட்டியை இழந்தவனின் நண்பர்கள் என்று ஐயத்துக்கு உள்ளானவன் முறையிட்டான். அவனையே தெரியும்படி கூறினர். மற்றவன் அழத் தொடங்கினான். ஈற்றில் ஒரு மாணவி எழுந்து, எல்லோர் பெயரையும் எழுதிச் சீட்டுப் போடலாம் என்றாள். ஒவ்வொருவரும் இருவரை விலக்கலாம் என்றான் வேறொருவன். நூல் எதுவும் வாசியாமலே, அரை மணி நேரத்தில் அவர்கள் உத்தரமேரூர்ச் சபையாரும் இங்கிலாந்தினரும் கண்ட வழியைக் கண்டுவிட்டனர். விசாரணையின்போது பெட்டி வேறொரு வகுப்பறையில் அகப்பட்டது. அம்முடிவிலும், அந்த அரை மணி நேரமே அவர்களுக்குப் பெரிய பாடமாயிற்று.

என் பேரனாருக்குச் சில ஆண்டுகளின் பின்னர் இரண்டாவது அழைப்பாணை வந்தது. அம்முறை ஆட்சேபம் எழவில்லை; அவர் சத்தியஞ் செய்து எழுவருள் ஒருவராக அமர்ந்தார். அது ஒரு கொலை வழக்கு. ஆங்கிலத்தில் நீதியரசர் கூறிய தொகுப்புரையை முதலியார் தமிழிற் பெயர்த்துக் கூற, ஒரு சொல்லும் தவறவிடலாகாதே என்னும் அச்சத்தோடு அதனைக் கேட்டதாக அவர் சொல்வார். தீர்ப்பு ஐவருக்கு இருவர் என்னும் வகையில் அமைந்தது. தாம் ஐவருள் ஒருவரா, இருவருள் ஒருவரா என்று நாங்கள் பலமுறை கேட்டோம். அவர் இறக்கும்வரை கூறினாரல்லர். ஆனால், முதன்முறை தம்மை ஆட்சேபித்த எதிரியைப் பற்றி ஒருபோதும் கடிந்து பேசியதில்லை. ஆசனத்தில் அமர்ந்து பார்த்த பின்னரே, அவன் ஏன் தம்மை வேண்டாமென்றான் என்பது தமக்கு முற்றாக விளங்கிற்று என்பார்.

இக்கல்லூரியிற் கற்கும் மாணவருட் சிலர் நாளை நீதிபதிகளாகவும் சட்டத்தரணிகளாகவும் விளங்குவர். பலர் அவ்வாசனங்களை ஒருபோதும் அணுகமாட்டார். ஆயினும், பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் வேளை எல்லோர் வாழ்விலும் வருவதே. பரீட்சைத் தாளைத் திருத்தும்போதும், நியமனம் வழங்கும்போதும், அயலவர் பிணக்கில் மத்தியஸ்தம் செய்யும்போதும் நாம் யூரரே. அவ்வேளையில் நம் நேர்மையை நாம் அறிந்திருத்தல் போதாது. விரல்களை அகல விரித்து, உள்ளங்கையை மற்றவர்க்குக் காட்டவும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.